எலும்புப்புரையை மஜ்ஜையில் தேடலாமா? முதுகு எம்ஆர்ஐ பற்றி ஒரு குறிப்பு

காஞ்சிபுரம் பக்கம் தறி ஓடும் பல வீடுகளில் பீரோ மேல் கை விட்டால் ஒரு பெரிய ஸ்கேன் கவர் கிடைக்கும். குழித்தறியில் வருடக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்த முதுகு ஒருநாள் வலிக்கத்தான் செய்யும். எங்கள் ஏனாத்தூரில் என்னைப் போல கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் ஆட்களின் வீட்டிலும் அதே கவர் உண்டு. உள்ளே இடுப்புப் பகுதி முதுகெலும்பின் எம்ஆர்ஐ படம். டாக்டர் பார்ப்பது டிஸ்க் பிதுங்கியிருக்கிறதா, நரம்பை அழுத்துகிறதா என்பதை. பார்த்தாயிற்று, மாத்திரை எழுதியாயிற்று, கவர் பீரோ மேல் போயாயிற்று.

அந்தப் படத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அந்த முதுகெலும்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்பதற்கான ஒரு தடயம். யாரும் கேட்காததால் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தத் தடயம் என்ன, எம்ஆர்ஐ அதை எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நான் படித்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுபவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேய்மானம் என்று எதைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் "எலும்பு தேய்மானம்" என்று இரண்டு வேறு வேறு நோய்களைச் சொல்கிறோம். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து முழங்கால் வலிப்பது ஒன்று. அது வலிக்கும், அதனால் தெரியும். இன்னொன்று எலும்புக்குள்ளேயே பொருள் குறைந்து, புரையோடிய மரம் மாதிரி ஆகிவிடுவது. அதுதான் ஆஸ்டியோபோரோசிஸ், தமிழில் எலும்புப்புரை. இது வலிக்காது. பல பேருக்கு எலும்பு உடைகிற அன்றுதான் இருப்பதே தெரியவரும்.

இதைக் கண்டுபிடிக்க இப்போது உள்ள முறை டெக்ஸா ஸ்கேன். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேக்களை அனுப்பி எலும்பில் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று அளக்கும். அந்த அளவை இளம் வயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு வரும் எண்ணுக்கு டி-ஸ்கோர் என்று பெயர். 1994-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கோடு போட்டது: டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்பு அடர்த்திக் குறைவு.

நமக்கும் இதற்கும் என்ன என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து ஊரான வேலூரில், சிஎம்சி மருத்துவமனையின் தாமஸ் பால், நிஹால் தாமஸ் குழுவினர் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களை டெக்ஸாவில் பார்த்ததில் முதுகெலும்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்புப்புரை. தொடை எலும்பின் கழுத்தில் சுமார் 17 சதவீதம் பேருக்கு. பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் டி-யும் போதவில்லை, வெயிலுக்குப் பஞ்சமில்லாத வேலூரில்!

அடர்த்தி வேறு, திடம் வேறு

டெக்ஸா நல்ல கருவிதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் நோரா என்ற பெரிய ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களுக்குக் கை, குதிகால் போன்ற இடங்களில் எலும்பு அடர்த்தியை அளந்து ஒரு வருடம் கவனித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் 2,259 பேருக்கு எலும்பு முறிந்தது. இதில் மைனஸ் 2.5 கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 18 சதவீதம்தான். தனி ஆளாகப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் அபாயம் அதிகம். ஆனால் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு என்பதால் முறிவுகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

அடர்த்தி கொஞ்சம்தான் குறைந்திருக்கும்போது எலும்பு ஏன் உடைய வேண்டும்? இதற்கு இன்ஜினியரிங் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒரு விடை இருக்கிறது.

முள்ளெலும்பின் உட்புறம் கெட்டியான கட்டை கிடையாது. மெல்லிய கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னிய பஞ்செலும்பு. தறியில் பாவும் ஊடையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எடையை நெடுக்குக் கம்பிகள் தாங்குகின்றன. அவை வளைந்துவிடாமல் குறுக்குக் கம்பிகள் பிடித்துக்கொள்கின்றன. எலும்புப்புரையில் முதுகெலும்பில் முதலில் அதிகம் காணாமல் போவது குறுக்குக் கம்பிகள்தான்.

ஒரு தூண் வளைந்து உடைவதற்குத் தேவையான பளு, பிடிப்பில்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பது ஆய்லர் சூத்திரம். ஒன்று விட்டு ஒன்று குறுக்குக் கம்பி போய்விட்டால் நெடுக்குக் கம்பியின் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகும். அது தாங்கும் பளு நாலில் ஒன்றாகிவிடும். அந்த மெல்லிய குறுக்குக் கம்பிகளின் எடையோ மொத்தத்தில் சின்னப் பங்கு. டெக்ஸா எடையைப் பார்த்து "கொஞ்சம் குறைவு" என்கிறது. பின்னலோ பாதி அவிழ்ந்திருக்கிறது. அப்படியானால் கனிமத்தைத் தவிர வேறு எதையாவது அளக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் மஜ்ஜை உள்ளே வருகிறது.

நல்லி எலும்புக்குள் இருப்பது

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மஜ்ஜை தெரியும். ஆட்டின் நல்லி எலும்பைத் தட்டினால் வழுக்கிக்கொண்டு வரும் வெண்மஞ்சள் நிற வஸ்து. அது பெரும்பாலும் கொழுப்பு. ஆனால் எல்லா எலும்பிலும் அப்படி இல்லை. பிறக்கும்போது நம் எலும்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ரத்தம் உற்பத்தி செய்யும் சிவப்பு மஜ்ஜைதான் இருக்கும். வயது ஏற ஏற கை கால் நுனியிலிருந்து தொடங்கி அது மஞ்சளாக மாறிக்கொண்டே வரும். இருபத்தைந்து வயதுக்கு மேல் சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பு, மார்பெலும்பு போன்ற நடு உடம்பு எலும்புகளில்தான் மிஞ்சியிருக்கும். அங்கேயும் கொழுப்பு வருடா வருடம் மெதுவாக ஏறும்.

இதற்கும் எலும்பு பலத்துக்கும் என்ன தொடர்பு? மஜ்ஜையில் ஒரு வகை மூல செல் இருக்கிறது. அது வளர்ந்து எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்பு செல்லாகவும் ஆகலாம். ஒரே வீட்டுப் பிள்ளை தறிக்கும் போகலாம், கம்பெனி வேலைக்கும் போகலாம் என்பது மாதிரி. கொழுப்புப் பக்கம் போகிற செல்கள் கூடினால் எலும்பு கட்ட ஆள் குறையும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. பிரான்சில் மூனியே குழுவினர் 1971-லேயே 84 பேரின் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து, எலும்புப்புரையில் மஜ்ஜையின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் பியோகிளிட்டசோன் வகை மருந்துகள் இந்த மூல செல்லைக் கொழுப்புப் பக்கம் தள்ளும் சுவிட்சை அழுத்துகின்றன. அந்த மருந்துகள் பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதும் தெரிந்த விஷயம். (யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.)

இன்னொரு வேடிக்கை: குண்டாக இருப்பவருக்குத்தான் மஜ்ஜையில் கொழுப்பு என்று நினைத்தால் அதுவும் தவறு. சாப்பாட்டையே ஒதுக்கி எலும்பும் தோலுமாகிவிடும் அனோரெக்சியா நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் கொழுப்பு வற்றியிருக்கும், மஜ்ஜையில் மட்டும் கூடியிருக்கும். அவர்களுக்கு எலும்பும் பலவீனம். மஜ்ஜைக் கொழுப்புக்கு இடுப்புச் சதையின் கணக்கு பொருந்தாது.

சரி, மஜ்ஜையில் எவ்வளவு கொழுப்பு என்று அறிய ஒவ்வொருவர் இடுப்பிலும் ஊசி குத்தித் துணுக்கு எடுக்க முடியுமா? முடியாது. அதற்குத்தான் எம்ஆர்ஐ.

எலும்பைப் பார்க்காத கருவி

எம்ஆர்ஐ-க்கு எலும்பே தெரியாது என்றால் ஆச்சரியமாக இருக்கும். அது கேட்பது ஹைட்ரஜன் அணுக்கருக்களின் குரலை. கனிமத்துக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஹைட்ரஜனின் குரல் சாதாரண எம்ஆர்ஐ காது கொடுப்பதற்குள் அடங்கிவிடும். அதனால் எலும்புக் கம்பி கறுப்பு. அதைச் சுற்றியிருக்கும் மஜ்ஜையில் தண்ணீரும் கொழுப்பும் இருப்பதால் அது வெளிச்சம்.

இந்தக் கறுப்புக் கம்பிகளையே நேராகப் படம் பிடிக்கவும் முயன்றார்கள். பென்சில்வேனியாவில் ஃபெலிக்ஸ் வெர்லி குழுவும், சான் பிரான்சிஸ்கோவில் ஷர்மிளா மஜும்தார் குழுவும் மணிக்கட்டு போன்ற இடங்களில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் ஒரு கம்பியின் தடிமன் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். உடம்பின் ஆழத்தில் இருக்கும் முதுகெலும்பில் அந்த நுணுக்கம் கிடைப்பது கஷ்டம். கொழுப்பின் அளவை அறிய அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

கொழுப்பையும் தண்ணீரையும் எப்படிப் பிரிக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் தண்ணீரின் ஹைட்ரஜன் நொடிக்கு சுமார் 6.4 கோடி முறை சுழலும். கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன் கார்பனோடு சேர்ந்திருப்பதால் ஒரு துளி மெதுவாகச் சுழலும். வித்தியாசம் பத்து லட்சத்தில் மூன்றரை பங்கு, அதாவது நொடிக்கு சுமார் 220 சுற்று. இரண்டு பேர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறார்கள், ஒருவர் இம்மி வேகம் கூட. ஒரு சமயம் சேர்ந்து நடப்பார்கள், இன்னொரு சமயம் பிரகாரத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பார்கள். இங்கே 2.3 மில்லிசெகண்டில் எதிரெதிர், 4.6 மில்லிசெகண்டில் மறுபடி ஒன்றாக.

1984-ல் தாமஸ் டிக்ஸன் இதை ஒரு எளிய தந்திரமாக்கினார். எதிரெதிராக இருக்கும்போது ஒரு படம், சேர்ந்திருக்கும்போது ஒரு படம். சேர்ந்த படத்தில் கிடைப்பது தண்ணீர் கூட்டல் கொழுப்பு. எதிர்ப் படத்தில் தண்ணீர் கழித்தல் கொழுப்பு. எட்டாம் வகுப்புச் சமன்பாடுதான். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தண்ணீர், கழித்துப் பாதியாக்கினால் கொழுப்பு.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் படத்தில் 100, இரண்டாவதில் 20 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 60, கொழுப்பு 40 என்று தோன்றும். ஆனால் தண்ணீர் 40, கொழுப்பு 60 ஆக இருந்தாலும் படத்தின் பிரகாசம் அதே 20தான், ஏனென்றால் பிரகாசத்துக்கு மைனஸ் குறி கிடையாது. கல்லீரலில் பெரும்பாலும் தண்ணீர்தான் அதிகம், குழப்பம் அவ்வளவு வராது. முதுகெலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பு சரியாகப் பாதிக்குப் பாதி வாக்கில் நிற்கிறது, யார் ஜெயித்தார் என்று தெரியாத தேர்தல் மாதிரி. அதனால் இப்போது ஆறு எட்டு நேரங்களில் படம் எடுத்து, காந்தப்புலத்தின் மேடு பள்ளங்களையும் சேர்த்துக் கணக்கில் பொருத்திப் பார்த்துத் தீர்க்கிறார்கள். கிடைக்கும் விடை கொழுப்பு விகிதம்: இவ்வளவு சதவீதம் என்று ஒரு எண். இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. முள்ளெலும்புக்குள் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அதற்குள் தண்ணீர், கொழுப்பு இரண்டின் சிகரங்களையும் நேராக அளப்பது.

அளந்து பார்த்தபோது

ஹாங்காங்கில் ஜேம்ஸ் கிரிஃபித் குழு 2005-ல் வயதான ஆண்களை ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் அளந்தது. எலும்பு அடர்த்தி சரியாக இருந்தவர்களுக்கு மஜ்ஜைக் கொழுப்பு சராசரியாக 50 சதவீதம் பக்கம். எலும்புப்புரை உள்ளவர்களுக்கு 58 சதவீதம் பக்கம். மஜ்ஜைக்குள் ரத்த ஓட்டமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. அடுத்த வருடம் பெண்களிடம் செய்த ஆய்விலும் அதே போக்கு. 2013-ல் ஐஸ்லாந்து முதியவர்களிடம் செய்த ஆய்வில், முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்தவர்களுக்கு மஜ்ஜைக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. எலும்பு அடர்த்தியைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. அதாவது டெக்ஸா சொல்லாத ஏதோ ஒன்றை மஜ்ஜை சொல்கிறது.

ஆனால் கதை அவ்வளவு நேரானதும் இல்லை. அதே 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வில், முறிவு ஏற்பட்ட பெண்களுக்கும் ஏற்படாதவர்களுக்கும் கொழுப்பின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்பின் வகையில்தான் வித்தியாசம். முறிவு ஏற்பட்டவர்களிடம் நிறைவுறாக் கொழுப்பு குறைவு, அதிலும் சர்க்கரை நோயும் முறிவும் சேர்ந்து இருந்தவர்களிடம் மிகக் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு டெக்ஸா எண் நன்றாக இருந்தும் எலும்பு உடைவது மருத்துவர்களுக்குப் பழைய புதிர். வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் ஊருக்கு இது முக்கியமான துப்பு.

இன்னொரு பயனும் உண்டு. எலும்பு அடர்த்தி மெதுவாக மாறும். மருந்து வேலை செய்கிறதா என்று டெக்ஸாவில் பார்க்க ஒன்றிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். மஜ்ஜைக் கொழுப்போ ஈஸ்ட்ரோஜன் கொடுத்த இரண்டே வாரத்தில் குறைந்ததை 2015-ல் ஒரு ஆய்வு காட்டியது.

பழைய படத்தில் கிடைக்குமா?

இதெல்லாம் தனியாக ஆய்வுக்கென்று எடுத்த ஸ்கேன்கள். நம் பீரோ மேல் இருப்பது சாதாரண முதுகு எம்ஆர்ஐ. அதில் எதாவது தேறுமா? தேறும் என்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த குழு ஒன்று சில வருடங்களுக்கு முன் ஒரு எளிய எண்ணை முன்வைத்தது. ஆங்கில எழுத்துகளில் விபிக்யூ என்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு முதுகு எம்ஆர்ஐ-யிலும் டி1 என்ற வகைப் படம் இருக்கும். அதில் கொழுப்பு வெள்ளையாகவும் தண்டுவட நீர் கறுப்பாகவும் தெரியும். இடுப்புப் பகுதியின் முதல் நாலு முள்ளெலும்புகளின் உட்புற வெளிச்சத்தை எடுத்து, மூன்றாவது எலும்புக்கு நேராக இருக்கும் தண்டுவட நீரின் வெளிச்சத்தால் வகுக்க வேண்டும். எண் பெரிதானால் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், எலும்பு பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். புது ஸ்கேன் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை.

என்னிடம் என் சொந்த முதுகின் இரண்டு ஸ்கேன் சிடிக்கள் இருந்தன, இரண்டு வருட இடைவெளியில் வேறு வேறு மையங்களில் எடுத்தவை. 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் திறந்து கட்டம் வரைந்து வகுத்துப் பார்த்தேன். பத்து நிமிட வேலை. இரண்டு சிடியிலும் இரண்டு எண்! இரண்டு வருடத்தில் என் எலும்பு அவ்வளவு மாறியிருக்காது. காந்தத்தின் பலம், காயில் வகை, படம் எடுக்கும் செட்டிங் எல்லாமே டி1 வெளிச்சத்தை மாற்றும். வகுத்தல் அதைக் கொஞ்சம் சரிசெய்யும், முழுதாகச் சரிசெய்யாது. டிஸ்க் பழுதான இடத்தை ஒட்டிய எலும்பில் வேறு காரணத்தால் வெளிச்சம் மாறியிருந்தாலும் கணக்கு கெடும். அதனால் ஒரே மெஷினில் ஒரே செட்டிங்கில் எடுத்தவர்களை ஒப்பிடும்போதுதான் இந்த எண்ணுக்கு மதிப்பு.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. ரத்தசோகை கடுமையானால் உடம்பு மஞ்சள் மஜ்ஜையை மறுபடி சிவப்பாக்கிக்கொள்ளும். அப்போது கொழுப்பு விகிதம் இறங்கும், எலும்பு திடமாக இருப்பது போல ஒரு தோற்றம் வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்பது தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு. ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் போட்ட கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது. நம் பெண்களின் மஜ்ஜையை, ரத்தப் பரிசோதனையோடும் டெக்ஸாவோடும் சேர்த்து, நாமே அளந்தாக வேண்டும். முதுகு வலிக்காக எடுக்கப்பட்ட படங்கள் ஸ்கேன் மையங்களின் சர்வர்களில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. ஒரு மருத்துவக் கல்லூரியும் நாலு இன்ஜினியரிங் மாணவர்களும் சேர்ந்தால், நோயாளிகளின் சம்மதத்தோடு தொடங்கக்கூடிய வேலை இது.

ஏன் அவசரம்?

முள்ளெலும்பு ஒருமுறை நசுங்கிவிட்டால் அங்கேயே நிற்பதில்லை. 2001-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் முதுகெலும்பு புதிதாக முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரே வருடத்தில் இன்னொன்று முறிந்தது. முதல் முறிவைப் பலர் "குனிந்து குடம் தூக்கினேன், பிடித்துக்கொண்டது" என்று தைலம் தேய்த்துக் கடத்திவிடுகிறார்கள். பாட்டிக்கு வயசானதால் கூன் விழுந்துவிட்டது என்று நாம் சொல்வதில் எத்தனை கூன் இப்படி நசுங்கிய எலும்புகளின் கணக்கோ.

எனவே இன்றைக்கே செய்யக்கூடியவை சில. ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள், எண்ணாகக் கணக்குப் போட சிடிதான் உதவும். ரிப்போர்ட்டில் "கம்ப்ரஷன்" அல்லது "வெட்ஜிங்" என்ற சொல் இருந்தால், டிஸ்க் பேச்சோடு விட்டுவிடாமல் எலும்புப்புரை இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு உயரம் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் கேளுங்கள். இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட், அது டெக்ஸா கிடையாது. அதில் குறைவு என்று வந்தால் டெக்ஸா எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

மஜ்ஜை எம்ஆர்ஐ டெக்ஸாவின் இடத்தைப் பிடிக்கப்போவதில்லை. டெக்ஸா எடுக்கவே நினைக்காத, ஆனால் முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்துவிட்ட ஒரு ஐம்பத்தைந்து வயது அம்மாவை "இவருக்கு எலும்பையும் பாருங்கள்" என்று கைகாட்ட அதால் முடியும். படம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, காசும் கொடுத்தாயிற்று. மீதி இருப்பது அதைப் படிப்பதுதான்.